முறிய வேண்டிய போல்ட்

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சூடு.
நான் வருமுன்பே ஒருமுறை ஓடி
மூச்சு வாங்கியிருக்கிறது.
"இப்போதுதான் மேல்துணியை எடுத்தேன்" என்றார் மொசியே மத்தே.
லா பிரெவீனில் அன்று மைனஸ் பதினொன்று.
துணியை எடுத்தால் இரும்பு கொதிக்கும் ஊர் இதென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறும்வரை இருக்கிறேன் என்றேன்.

அவருடைய குசினியில் ஒன்றரை மணிநேரம்.
இரண்டு கோப்பி, ஒரு துண்டு சீஸ்.
அவர் மனைவி என் சப்பாத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்:
"நீங்களா இதை ஓட்டப்போகிறீர்கள்?"
நான்தான் மடாம்.
வீட்டுக்காரருக்கு முதுகில் தட்டு விலகிவிட்டது.
போன மாசியில் சவளோடு குனிந்தவர்
குனிந்தபடியே உள்ளே வந்தார்.

பிறகு மூவரும் எழுந்து கொட்டகைக்குப் போனோம்,
நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களைப்போல.
கயிற்றை இழுத்தேன். இல்லை.
இழுத்தேன். இல்லை.
மத்தே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏழாவதில் இருமியது.
எட்டாவதில் நீலப்புகை கக்கி எழுந்து நின்றது.
அறுநூறு பிராங்க் நானூற்றிருபது ஆனது.
இழுப்புக்கு இருபத்திரண்டரை;
என் தோள்மூட்டு இதுவரை உழைத்ததில்
இதுதான் நல்ல சம்பளம்.

லு லோக்லில் எனக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை.
நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும்
பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவள் நான்.
இங்கே விசிறிக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே
என் சுண்டுவிரல் தாராளமாய்ப் போய் வந்தது.
ஈரப்பனி அந்த இடுக்கால் வழுகி வழுகி
குழாயின் தொண்டையில் குந்திவிடும்.

மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் பாய்,
கழித்துப் போட்டது, ஒரு பண்ணையில் கேட்டு வாங்கினேன்.
நாலு துண்டு வெட்டி, நாலு இறகிலும் பூட்டி,
கையால் சுற்றினேன்.
ரப்பர் சுவரை நக்கிக்கொண்டு போனது.
காபரேட்டரின் ஊசித்துளையில் பழைய பெற்றோல் பிசினாகியிருந்தது;
அதற்கு ஒரு செம்புக் கம்பி.
குழாயின் உள்ளே
ஆரபி பனிச்சறுக்குப் பலகைக்குப் பூசுகிற மெழுகு,
அவளைக் கேட்காமல்.

முன்திருகைக் கழற்றியபோதுதான் கண்டேன்.
முறிவதற்கென்றே வைக்கிற மெல்லிய போல்டின் இடத்தில்
தலையில் 10.9 என்று பொறித்த கெட்டி உருக்கு.
அடிக்கடி உடைகிறதே என்று சலித்த யாரோ
உடையாததைப் போட்டிருக்கிறார்.
கல் சிக்கினால்
அது நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்,
உள்ளே கியர்ப்பெட்டி சிதறும்.

கேதீஸ் கேட்டார், சுவரைப் பிடித்தபடி:
"முறியிற சாமானை மூண்டு பிராங்க் குடுத்து
ஆரும் வாங்குவினமே?"
"ஆறு வாங்கினான்" என்றேன்.
உங்கட முதுகிலயும் ஒண்டு இருந்திருந்தா,
என்று தொடங்கி
மீதியை ஸ்பானரோடு இறுக்கினேன்.

மார்கழியில் ஓர் அதிகாலை, ஐந்து மணி.
நகரசபை வண்டி தெருவை வழித்து
எங்கள் வாசலில் இடுப்பளவு மதில் கட்டிப் போயிருந்தது.
மூன்று மீட்டர் எறியும் என்று கணக்குப் போட்டுக்
குழாயைத் திருப்பினேன்.
எறிந்தது ஒன்பது.
எங்கள் மதில் முழுதும் வேலி தாண்டி
மடாம் ஜோந்ரேயின் கூட்டித் துடைத்த படியில்
வெள்ளையாய் இறங்கிற்று.

வேறு வழி? மன்னிப்புக் கேட்டு
அவர் படியையும் துப்புரவாக்கப் போனேன்.
அங்கேதான், புதைந்திருந்த
சப்பாத்து வழிக்கும் இரும்பில் பட்டு,
டக்.
ஒரு சுள்ளி ஒடியும் சத்தம், அவ்வளவே.
திருகு நின்றது. எஞ்சின் பாடிக்கொண்டேயிருந்தது.

"முறிஞ்சுட்டுது!" என்று கத்தினேன்.
மேல்மாடி விளக்கு எரிந்தது.
யன்னலைத் திறந்து, பாதி நிமிர்ந்து, கேதீஸ்:
"ஐயோ, என்ன முறிஞ்சது?"

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டு,
கைப்பிடிக்குக் கீழே ஒட்டி வைத்திருந்த
ஐந்தில் ஒன்றைப் பிய்த்தேன்.
கையுறை போட்ட கையில் சிரிப்பு நடுங்கியது.
மடாம் ஜோந்ரே இரவுச்சட்டையோடு
டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார்,
வெளிச்சம் கொஞ்சம் இடப்பக்கமாய்.